அக்காவின் ரத்தத்தில் முப்பத்தொன்று

மார்ச் 4, செவ்வாய்

அக்காவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள்; ஒரு பிள்ளைக்குக் கீறல் பட்டதில்லை. ஐம்பது தாண்டிய டிரைவர்களுக்கு இந்த வருடம் ரத்தத்தில் ஒரு புரதத்தையும் பார்க்கிறார்கள். மூளை நரம்பு சேதமானால் அது கூடும். இருபதுக்குள் இருக்க வேண்டுமாம், அக்காவுக்கு முப்பத்தொன்று. 'மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம்' என்று கம்பெனி டாக்டர் எழுதிவிட்டார். அவளிடம் ஒரு கேள்வி கேட்டாரா? ம்ஹூம். முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம்.

அந்தப் பரிசோதனையைச் செய்தது நான் வேலை பார்க்கும் லேப். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

மார்ச் 7, வெள்ளி

அக்கா அணைக்க மறந்துவிடுவாளென்று அத்தான் கேஸ் அடுப்பின் திருகுக் குமிழைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாராம். கார் சாவியையும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற மனுஷன்!

"ஆமா, எனக்குத்தான் மறதி. இவரைக் கட்டிக்கிட்டது மறந்துபோச்சுன்னா நிம்மதியா இருப்பேன்" என்றாள் அக்கா. சிரித்தோம். அப்புறம் பக்கத்து வீட்டுச் சண்டையை இரண்டாம் முறை சொன்னாள். நான் எண்ணினேன் — இரண்டு என்று.

ச்சீ. என்ன புத்தி இது.

மார்ச் 12, புதன்

நோயே இல்லாமல் சிலருக்குப் பிறவியிலேயே இந்தப் புரதம் கூடுதலாக இருக்கும். ஒரு மரபணுவில் சின்ன மாறுதல் இருந்தால் உடம்பு அதை மெதுவாகக் கழிக்கும், ரத்தத்தில் தேங்கும். அப்புறம் ஏன் எங்கள் ரிப்போர்ட்டில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை? லேப் தலைவரிடம் கேட்டேன். வார்த்தையை நிறுத்து நிறுத்துப் பேசுவதால் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"ஆரோக்கியமானவங்க நூறு பேர வச்சுத்தானே எல்லை போட்டோம்? ஒருத்தரும் இருபதத் தாண்டலியே."

நிறுத்துப் பேசி என்ன பிரயோஜனம்? மண்ணாங்கட்டி!

மார்ச் 13, வியாழன்

அவர் மூக்கை உடைக்கலாம் என்று அந்த நூறு பேரின் பழைய பதிவேட்டை எடுத்தேன். எல்லை போட்டபோது ரத்தம் கொடுக்க ஆள் போதாமல் லேப் ஆட்களே கை நீட்டினோம். வரிசை 64, என் ரத்தம்: முப்பது. அதன்மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில், 'மெஷின் கோளாறு, நீக்கவும்.'

என் கையெழுத்து.

அன்றே மறுபடி வைத்துப் பார்த்தபோதும் முப்பதுதான் வந்தது. எனக்கா நோய், மெஷினுக்குத்தான் நோய் என்று கோடு கிழித்தேன். இருபதைத் தாண்டிய இன்னும் இரண்டு பேரையும் அப்படியே. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஊரையெல்லாம் திட்டினேனே, பாவி!

ஏப்ரல் 2, புதன்

பதிவேட்டைத் தராசின் மேசையில் போட்டேன்.

"ஆறு வருஷம் ஆச்சு. இப்பக் கிளறினா லேப் பேரு என்னாகும்?"

"எங்க அக்கா பேரு என்னாச்சு சார்?" கத்திவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எல்லாரும் திரும்பினார்கள். கத்தியது நல்லதாகப் போயிற்று. அக்கா, நான் இருவர் மரபணுவையும் பார்க்கச் சம்மதித்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

இருவருக்கும் அதே மாறுதல். எனக்கு ஆறு வருடம் முன்பும் முப்பது, இன்றும் முப்பது. நோயென்றால் ஏறியிருக்கும். நரம்பு மருத்துவர் அக்காவை ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஞாபகத்தைச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. இந்த ரிப்போர்ட் வாங்கிய மற்றவர்களுக்கும் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மே 1, வியாழன்

கோடு போட்டது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அது வேலை. தப்பு வரும், விடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் பேசறப்பல்லாம் நீ எண்ணிக்கிட்டே இருந்தே இல்ல? பொய் சொல்லாத."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"உங்க அத்தானுக்கு ஒண்ணும் தெரியாது, பயந்தாரு. நீ எல்லாம் தெரிஞ்சவ."

ஜூன் 2, திங்கள்

அத்தான் போன் செய்தார். அக்கா இன்று காலை மறுபடி பஸ் எடுத்துவிட்டாளாம்.

"உங்கிட்ட சொல்லலியாம்மா?"

"மறந்திருப்பா" என்று வாயில் வந்துவிட்டது. அத்தான் போனை வைத்துவிட்டார்.