ஜாம் ஒட்டிய விரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நம்பு.

எங்கள் பேராசிரியர், அந்தப் பெரிய மேதாவி, நேற்று செய்த கூத்தைக் கேள். ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் ஸ்ட்ரிப்பை, தங்க நானோ துகள் பூசி, ராப்பகலாகச் செய்கிறவள் நான். மேடையேறிப் பேசுகிறவர் அவர். ஆராய்ச்சிக்கு நிதி தருகிறவர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு ஜாம் ரொட்டியை ஒரு கை பார்த்துவிட்டு வந்தவர், "என் ரத்தத்துலயே காட்டுறேன்" என்று சாப்பிட்ட அதே கை விரலைக் குத்தி ஸ்ட்ரிப்பில் வைத்தார். நானூறு!

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. உடனே என் பக்கம் திரும்பி, "நீ ஸ்ட்ரிப் செஞ்ச லட்சணமா இது?" என்று பாய்ந்தார். காலமெல்லாம் சர்க்கரையை அளந்தே பேர் வாங்கியவருக்கு, விரலில் ஒட்டிய ஜாமும் சர்க்கரைதான் என்று உறைக்கவில்லை.

"சார், கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

கழுவி வந்து குத்தினார். தொண்ணூற்றெட்டு. விருந்தினர் பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தீங்களா, என் ஸ்ட்ரிப் பொய் சொல்லாது" என்றார். இந்த மூஞ்சியைத்தான் தினமும் சார் என்று கூப்பிடுகிறேன்.

இங்கே குளிர் தாங்கவில்லை, தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. மேதாவி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். ஒன்று மட்டும்: நான் சாப்பிடும் நேரத்தில் போன் பண்ணி, "கை கழுவினியாடி?" என்று ஒரு அதட்டுப் போடேன். இங்கே ஊருக்கெல்லாம் அதை நான்தான் சொல்கிறேன். எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

உன் மகள்