மனோன்மணியின் விசைப்பலகை

நவம்பர் 11, செவ்வாய்

ஐங்கரனே, மரணத் துடக்கு எனும் தீட்டு நீங்காத வீட்டிலிருந்து மனத்தால் மட்டும் தொழுகின்றேன். எடுத்த எழுத்துக்கு இடையூறு வாராது காப்பாயாக.

காலை முதல் தூறல். லண்டன் எட்மண்டன் முழுதும் சாம்பல் நிறம். மகள் வதனி கனடாவிலிருந்து ஏற்பாடு செய்த புதிய கணினி வந்தது. பெட்டியை வைத்தவன் உடனே போய்விட்டான். இன்று கண்ட முகம் அது ஒன்றே.

செய்ய வேண்டியவை: முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருவோர்க்குக் கொடுக்கும் கல்வெட்டு எனும் இரங்கற்பா நூல், வால்தம்ஸ்டோ அச்சகத்துக்குச் சனிக்குள். பால். கால்வலித் தைலம்.

எத்தனை வீட்டாருக்குக் கல்வெட்டுப் பாடினேன்! நான் சொல்ல, மனைவி மனோன்மணி கணினியில் தட்டுவாள். "மெல்லச் சொல்லுங்கோ, என்ன ரெயிலோ ஓடுது?" என்பாள். இப்போது அவள் மேலேயே பாட வேண்டும். 'கணவர் புலம்பல்' என்ற தலைப்போடு தாள் நிற்கிறது.

கணினியோடு வந்த விசைப்பலகையில் ஆங்கிலம் மட்டும். அவளுடைய பழைய கம்பியில்லாப் பலகையில் விசைதோறும் தமிழெழுத்து; அவளே வெட்டி ஒட்டியவை. அவள் கல்வெட்டு அதில்தான் எழவேண்டும். புதுப் பற்றரி இட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஓரெழுத்தும் விழவில்லை.

வதனி தொலைபேசியில்: "அப்பா, அதுக்கு ஒரு குட்டி ரிசீவர் இருக்கு. நகமளவு. கம்பியூட்டரில குத்தோணும். அது இல்லாட்டி வேலை செய்யாது."

"வேற வாங்கேலாதோ பிள்ளை?"

"அந்தப் பழசுக்கு இப்ப கிடைக்காதப்பா. நீங்கள் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கோ, நான் அடிக்கிறன்."

வேண்டாம் என்றேன்.

பழைய கணினி நவராத்திரியிலேயே பழுது. சென்ற வாரம் கவுன்சில் குப்பை வண்டியில் போயிற்று. ரிசீவரும் அதனோடுதானோ.

நவ. 12, புதன்

வெயில் எட்டிப் பார்த்து மறைந்தது. மேசை இழுப்பறை, தையல் பெட்டி, அவள் கைப்பை. எங்கும் இல்லை. கைப்பையில் இருமல் இனிப்பு, பஸ் அட்டை. மூடி வைத்தேன்.

மதியம் அடுத்த வீட்டு ஸ்டெல்லா சோறு கொண்டுவந்தார். மன்னார்க் கத்தோலிக்கப் பெண், ஞாயிறு பூசை தவறாதவர். தேடுவதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"அண்ணை, அது உங்கட சாமியறைக்குள்ள எல்லோ! வாணி விழாவுக்கு அக்கா கீபோட்டையும் வைச்சுக் கும்பிட்டவ. அவல் தரக் கூப்பிட்டவ, நான் பாத்தனான். பிறகு கீபோட்டை எடுத்திட்டு, 'இந்தச் சின்னச் சாமான் துலைஞ்சிடும், புதுக் கம்பியூட்டர் வருமட்டும் சரஸ்வதி பாக்கட்டும்' எண்டு குங்குமச் சிமிழுக்குள்ள போட்டவ."

எங்கள் சுவாமியறை, படிக்கட்டின் கீழுள்ள அலமாரி. அவள் போன அன்றே திரையிட்டு மூடியது. முப்பத்தொன்று கழியாமல் என் கை படலாகாது. கழிந்த பின் அந்நூல் யாருக்கு?

மாலை முழுதும் அத்திரைக்கு முன் நாற்காலி. கை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை.

நவ. 13, வியாழன்

குளிர். சன்னல் கண்ணாடியில் ஈரம்.

நானே போய் ஸ்டெல்லாவின் கதவைத் தட்டினேன். அவருக்குத் துடக்கில்லையே.

"நான் வேதக்காரி, அண்ணை. உங்கட சாமி கோவியாதோ?"

"அவளின்ர சிநேகிதியை ஏன் கோவிக்குது?"

"அப்ப பொறுங்கோ, மீன் வெட்டின கை!" சவர்க்காரமிட்டு இருமுறை கழுவினார். செருப்பைக் கழற்றி, சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, திரைக்குள் கைவிட்டார். வெளிவந்த விரல்கள் சிவந்திருந்தன.

ரிசீவரைத் துடைத்துக் கணினியில் குத்தினேன். மடிப்பில் சிறிது குங்குமம் எஞ்சியது, இருக்கட்டும். உடனே திரை முழுதும் ககககககக.

"விரலை எடுங்கோ அண்ணை, அது ஆர்மோனியம் இல்ல!"

சிரித்தேன். பல நாளுக்குப் பின். அவர் போனதும் வீடு முன்னிலும் அமைதி.

'ம' விசையில் எழுத்தே இல்லை. அவள் விரல் பட்டுத் தேய்ந்துவிட்டது. தேய்ந்த இடமே அடையாளம். தலைப்பைத் தட்டினேன். முதலடியை வழக்கம்போல் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு, விசையொலிக்குக் காத்திருந்தேன்.

பிறகு நானே தட்டினேன்.

இந்நாட்குறிப்பை என்றேனும் பிரிப்பவர் எவராயினும், அவரும் அவர் இல்லமும் வாழ்க. ஒருவர் சொல்ல ஒருவர் எழுதும் பேறு அவ்வீட்டில் நெடுநாள் நிலைப்பதாக.