சோளக்கதிர்க் கொடி

மாப்பிள்ளை,

இன்று காலை கடைக்கு ஒரு கட்டு சிவப்புத் துணி வந்தது. பிரித்ததும் புதுச் சாயமும் கஞ்சியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கத்தரியைக் கையில் எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தைக்கக் கொடுத்தவர் வாசலில் நின்று, "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த வாடைக்கு இன்னமும் உன் முகம்தான் வருகிறது.

திருச்செங்கோட்டுச் சந்தைத் திடலில் தைப்பொங்கலுக்கு நடக்கும் சடுகுடுவுக்கு ஒவ்வோர் ஊர்க்காரர்களும் தங்கள் கொடியோடு வருவார்கள். நமக்குத்தான் அப்போது கொடி இல்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்த நம் வளவிலிருந்து ஆட்டத்துக்கு நீ ஒருவன்தான். நிலமுள்ள பண்ணயக்காரர் தெருவிலிருந்து மற்றவர்கள். இந்த வருஷம் கொடி இல்லாமல் போகக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்து, தையல் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நீயும் கூடவே வந்தாய். ஒருவர் ஏர் போடச் சொன்னார், ஒருவர் காளை என்றார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. நீ ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தாய்.

"துணி பூரா மலையோட செவப்பு. நடுவால வெள்ளையா ஒரு சோளக்கதிர். மலையப் பாத்துத்தானுங்க எந்திரிக்கிறோம், சோளத்தத் தின்னுட்டுத்தானுங்க படுக்கறோம். எல்லாரு ஊட்லயும் இருக்கறது அதுதானுங்களே?"

அதையே தைக்கச் சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

தைக்க உட்கார்ந்தபோது நீ என்னைப் படுத்திய பாடு! மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்றாய். வெட்டி ஒட்டிக் காட்டினால், "மச்சான், இது கதிரா, தேங்காக் கொலையா?" என்று சிரித்துப் பிரிக்கச் சொன்னாய். உனக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்த என் தங்கைதான் கடைசியில் ஊசியை வாங்கி, மணிகளை நூலாலேயே ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். அவள் பக்கத்தில் நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்கவே முடியாது.

அந்தப் பொங்கலுக்கு நாம் ஜெயித்தோம். கடைசியாகச் சடுகுடு பாடிப் போய் மூச்சு விடாமல் கோட்டைத் தொட்டவன் நீ. ஊரே கத்தியது. கொடியை உன் கையிலேயே கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பி, தப்பட்டை முன்னால் போக, பண்ணயக்காரர் தெருவைச் சுற்றி வந்தோம். கோயில் முக்கில் ஊர்வலம் முடிந்துவிட்டது. நீ மட்டும் நிற்காமல் கொடியோடு கிழக்கே திரும்பி, நம் வளவுக்குள் நுழைந்தாய். பெண்கள் ஆலாத்தித் தட்டோடு ஓடி வந்தார்கள். உன் அம்மா கொடித் துணியைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பண்ணயக்காரர் தெருப் பெரியவர் ஒருவர் ஆட்களோடு வளவு முக்கில் வந்து நின்றார். கொடியைக் கொடு, தீட்டுக் கழித்துவிட்டுத்தான் கோயில் முன்னால் நட வேண்டும் என்றார்.

நீ குரலை உயர்த்தவில்லை. "ஊர்க் கொடிதானுங்களே, சாமி? இது ஊரு இல்லீங்களா?" என்றுதான் கேட்டாய். கொடியை மட்டும் கொடுக்கவில்லை.

அடித்தார்கள். கம்பு ஒடிந்தது. துணியை நெஞ்சோடு சுருட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டாய். மறுநாளிலிருந்து வளவில் யாருக்கும் பண்ணயக்காரர்கள் காட்டு வேலை கொடுக்கவில்லை. அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மலாயாத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் நீ போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாய். நான் கத்தினேன். "நா இங்க இல்லீன்னா வளவுல எல்லாத்துக்கும் மறுபடி வேல குடுப்பாங்க மச்சான். உந் தங்கச்சியப் பாத்துக்க. வாரேன்" என்றாய். சட்டைக்குள் கொடி இருந்தது.

மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்த பிறகு உன்னைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. சண்டை முடிந்தும் இல்லை. கப்பல் வந்ததென்று கேள்விப்படும்போதெல்லாம் என் தங்கை உனக்கென்று கோழி ஒன்றை விற்காமல் வைத்திருப்பாள்.

போன மாதம் வாழப்பாடிக்காரர் ஒருவர் நொண்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். உன் பேரைச் சொன்னார். உன்னோடு ஒரே தோட்டத்தில் இருந்தவராம். பொங்கலுக்குப் பொங்கல், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து முன்னால் நம் கொடியை ஏற்றுவாயாம்.

"சேலம் ஜில்லாக்காரங்க அத்தன பேரும் அதுக்குக் கீழதான் நிப்போம். எந்தத் தெருன்னு அங்க யாரும் கேக்கல" என்றார்.

பிறகு சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் உங்களைப் பிடித்துப் போனார்களாம். காடு, ஓயாத மழை. அவருக்குக் காலில் புண் வைத்து எலும்பு தெரிந்திருக்கிறது. கட்டுவதற்குத் துணி கிடையாது, எல்லோரும் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த காலம். நீ கொடியை எடுத்து நீளநீளமாகக் கிழித்தாயாம்.

"உங்க ஊர்க் கொடியாச்சே, வேண்டாம்பான்னு காலை இழுத்துக்கிட்டேன். 'நீயும் நம்ம ஊருதானே, நீட்டு'ன்னு சொல்லிக் கட்டிவிட்டாரு. அதனாலதான் எனக்கு இந்தக் கால் இருக்கு."

அடுத்த மழையில் உனக்கு வாந்திபேதி. அந்த நோய் கண்டவர்களைத் தனிக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்களாம். கிட்டே போக யாரையும் விடவில்லை. மறுநாள் கொட்டகையையே கொளுத்திவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கையிடம் நான்தானே சொல்ல வேண்டும்? கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. களைக்கொத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். கொடியைக் கிழித்துக் கட்டியதைச் சொன்னபோது, "அவருதான் செய்வாரு" என்றாள். வாந்திபேதி என்றேன். அழவில்லை. பிடுங்கிய களையை ஒன்றாகக் கூட்டி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தச் சீக்குக்கு நாக்கு வறண்டுக்குமேண்ணா. கடைசீல அவருக்கு ஆராச்சும் தண்ணி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க அம்மிணி. வயிறாரக் குடிச்சுட்டுத்தான் கண்ண மூடுனானாம்" என்றேன்.

அதன் பிறகுதான் அவள் அழுதாள். இப்போதெல்லாம் யார் துக்கம் கேட்க வந்தாலும், முதலில் அதைத்தான் சொல்கிறாள். சொல்லிவிட்டு, சரிதானே அண்ணா என்பதுபோல் என்னைப் பார்க்கிறாள். ஆமாம் என்கிறேன். அங்கே உனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருமே இல்லை, மாப்பிள்ளை. உயிரோடு இருக்கிறவரை நான்தான் இங்கிருந்து கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.