மீன் தொட்டியில் வைத்த கால்

புரட்டாசி, சனி. வெயில். சாயந்திரம் தூறல்.
மலைக்குப் போனது மூணு பேர்: நான், வீட்டுக்காரர், திருப்பதியில் இருக்கும் மகள் ஹேமா. அலிபிரியிலிருந்து வெறுங்கால் நடை. ஹேமாவுக்குக் குதிகாலில் கொப்பளம், உடைஞ்சு போச்சு. எனக்கு ரெண்டு காலிலும். ஆனா வலியே இல்லை. இந்தச் சர்க்கரை உடம்புக்கு அது பெருமாள் தயவு.

இறங்கினதும் ஹேமா மீன் தொட்டிக் கடைக்கு இழுத்துக்கினு போனாள். காலை உள்ளே விட்டால் குட்டி மீனுங்க செத்த தோலைத் துன்னுமாம்.
"எப்பவும் நின்னுக்கினே இருக்கிற காலும்மா. ஒரு நாளு உக்காரு."
ரெண்டு பேரும் காலை விட்டோம். அவள் கூச்சத்தில் நெளிஞ்சு சிரிச்சாள். எனக்கு ஒண்ணும் தெரியலை. அம்மாவுக்கு தைரியம் ஜாஸ்தின்னு கடைப்பொண்ணு தெலுங்கில் சொன்னது. அவர் தள்ளி நின்னு, "மலையேறி சேத்த புண்ணியத்த மீனு துன்னுது" என்றார்.
செலவு: ஹேமா கொடுத்தாள். எழுதலை.

செவ்வாய். மப்பு.
வலது கால் சுண்டுவிரல் சிவப்பு. மஞ்சள் பத்து. பால் கணக்கு முடிச்சாச்சு. மாவு அரைக்கணும். அசதி.

வியாழன். மழை.
ஜுரம். விரல் கறுத்திருக்கு, லேசா நாத்தம். சித்தூர் டாக்டரம்மாவிடம் மலையேறினதை மட்டும் சொன்னேன். மீனைச் சொல்லலை. வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சொன்னா ஹேமாவை ஏசுவார். ஆசையாக் கூட்டிப் போன பொண்ணு.

வெள்ளி. மழை விடலை.
பூஜை விளக்கு அவர்தான் ஏத்தினார். டாக்டரம்மா திரும்பக் கேட்டாங்க, குளம், குட்டை எதிலாவது இறங்கினீங்களா. சொல்லிட்டேன். பேனாவைக் கீழே வெச்சாங்க.
"வர்றவங்க எல்லாருக்கும் அதே தண்ணி, அதே மீன். புண்ணுக் காலை விடலாமா? கடிச்சது தெரியலையா?"
"இல்லைங்க. படியேறும்போதும் வலிக்கலை."
"வலிக்காததுதாம்மா உங்க வியாதி. சர்க்கரையில கால் மரத்துப் போச்சு."
திங்கள் வரை ஊசி. அதுக்கும் கேட்கலைன்னா விரலை எடுக்கணுமாம்.
அவர் ஏசலை. "காலையில எதனா துன்னியா" என்றார். அவ்வளவுதான்.
பெருமாள் தயவுன்னு எழுதினதை அடிக்கப் போனேன். அடிக்கலை.

சனி.
ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிஞ்சப்புறம்தான் ஒண்ணு உறைச்சது. ரெண்டு தடவை போன் அடிச்சேன், எடுக்கலை. போனில் எழுதி அனுப்பினது:
"ஹேமா, என் விரலைப் பத்தி அப்புறம் பேசலாம். உன்மேல தப்பில்லை. உன் குதிகால் கொப்பளமும் அன்னிக்கு உடைஞ்சிருந்தது. நீயும் அதே தண்ணியிலதான் காலை வெச்ச. சிவந்திருக்கா? ஜுரம் இருக்கா? பாத்துட்டு உடனே பதில் போடு."