வெறும் நாற்காலியின் அளவு

விஷ்ராந்த்வாடி, புனே

அன்புள்ள மகன் ஸ்டீபனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ரீனா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க ஜெபிக்கிறோம். இந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். சர்க்கரையில் இரண்டு காலும் போன மனுஷனுக்கு வீடு தேட நீ சொன்ன போன் ஆப்பில் சக்கர நாற்காலி என்ற கட்டத்தைத் தொட்டதும் பதினோரு வீடு வந்தது. ரீனா அப்பாவைப் பற்றிச் சொன்னதுமே ஒன்பது பேர் மறுத்துவிட்டார்கள், அதில் ஒருத்தி, அவரு அங்கேயே செத்துட்டா அப்புறம் அந்த வீட்டுக்கு யாரு வருவா என்று இந்தியில் நியாயம் கேட்டாள். பத்தாவது வீட்டில் சரிவுப் பாதை இருந்தது, கார் கீழே இறங்குவதற்கு.

கடைசியில் நீ வீடியோவில் பார்த்துச் சரி சொன்ன தானோரி வீட்டுக்கு நேற்று அப்பாவைக் கூட்டிப் போனோம். குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி வாசலிலேயே நிறுத்தி, முன்பக்கம் புது டைல்ஸ், அங்கிள் எப்பவும் கச்ரா எறங்குற பின் லிப்ட்லயே போகட்டும் என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, சரி சாப், நான் ஈரக் குப்பையா காஞ்ச குப்பையா, எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டார். அவரும் சிரித்தார், வழி விடவில்லை.

அப்பாவுக்கு உள்ள ஆசை ஒன்றுதான். ஒன்றரை வருஷமாக நான்தான் கக்கூசில் தூக்கி உட்கார வைத்து, கதவைச் சாத்த இடமில்லாமல் எதிரிலேயே நிற்கிறேன். தானே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட வேண்டும் என்கிறார். நாற்காலி இருபத்தைந்து அங்குலம், புது வீட்டுக் கக்கூஸ் வாசல் இருபத்தாறு என்று நீயும் ரீனாவும் போனிலேயே முடிவு செய்தீர்கள். நீங்கள் அளந்தது வெறும் நாற்காலியை. அப்பா உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளியபோது விரல் முட்டியெல்லாம் நிலையில் உரசித் தோல் உரிந்தது. தள்ளுகிற கைக்கும் இடம் வேண்டும் என்று படித்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கதவைக் கழற்றினால் இரண்டு அங்குலம் கிடைக்கும், திரை போட்டுக்குங்க, வீட்டு ஆளுங்கதானே என்றார் புரோக்கர். அப்பா ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கழட்டுங்க, எனக்கென்ன வெக்கம், அதையும் காலோட சேத்து வெட்டிட்டாங்க என்றார்.

வேறு வீடும் இல்லை, நாளும் இல்லை, சரி சொல்லிவிட்டு வந்தோம். குளிக்க, கொள்ள எல்லாம் அந்தக் கக்கூஸ் அறை ஒன்றுதான். ரீனாவுக்குப் பதினான்கு வயது, அவளுக்கும் அதே திரைதான், அவளும்தானே அளந்தாள் என்று கோபத்தில் சொன்னேன். அதையும் எழுது என்றேன், எழுதியிருக்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வந்தால் மட்டும் நேரே உள்ளே நடந்துவிடாதே, கூடத்தில் நின்று குரல் கொடு. இருமல் சத்தம் கேட்டால் அப்பா திரைக்குப் பின்னால் இருக்கிறார் என்று அர்த்தம். நேற்றிலிருந்து இருமிப் பழகுகிறார்.

உன் அம்மா
சந்திரிகா ஆரோக்கியசாமி