தடித்த இரண்டு கம்பிகள்

அண்ணே,

சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் வாடை உன் விரல்களின் வாடை. மலைப் பனியில் கிதார்க் கம்பிகள் துருப்பிடிக்காமலிருக்க மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, அதே கையால் சோறு தின்பாய். அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். திரியை இறக்கிவைத்து எழுதுகிறேன். கண்டால் அடிதான்.

காலையில் கணக்கப்பிள்ளை வந்து உன் கிதாரை எடுத்துக்கொண்டு போகப்போகிறான். பகலில் அவனை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். அவன் மகன் எஸ்டேட் கிளப்பில் சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டுமாம். "நமக்கு வேலை இருக்கணும்லா" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான் உன் கிதாருக்கு நடந்த விசாரணை.

நீ மட்டும் பெரிய வீரனா? தேயிலைக் கொழுந்து எடையில் கணக்கப்பிள்ளை திருடுவதைப் பற்றிப் பாட்டுக் கட்டினாய். "தராசு முள்ளே, உனக்கும் சம்பளம் உண்டோ?" ஆனால் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடுமோ என்று பயந்தவனைப் போல ஒவ்வொரு கம்பியாக வருடினாய். பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்கள். திருடனே "நல்லா இருக்குடே" என்று தலையாட்டினான். நீ அவனைக் கும்பிட்டாய். சீ என்றிருந்தது எனக்கு.

பிறகு துரை பங்களாவுக்கு வயரிங் வேலைக்குப் போனாய். துரை மகன் போட்ட இசைத்தட்டுகளில் வெளிநாட்டு ராக் குழுக்களைக் கேட்டுவிட்டுப் பேய் பிடித்தவனாய் வந்தாய். முடி வளர்த்தாய். பெல்பாட்டத்தால் நம் லயத்து வீடுகளின் வாசலைப் பெருக்கினாய். மின்சார கிதார் வாங்க வக்கில்லாத மகாராசா! பக்கத்து வீட்டு மாரியக்கா கேட்டாள்: "ஏலே, தலையில கூடு கட்டுறது காக்காயா குருவியா?"

"அந்த ராக்காரனுவ கம்பிகிட்ட கெஞ்சமாட்டானுவ பாப்பா" என்றாய். மெல்லிய கம்பிகளை விட்டுவிட்டாய். தடித்த இரண்டை மட்டும் உள்ளங்கை ஓரத்தால் பாதி அமுக்கி, டுக்கு டுக்கு டுக்கு என்று அடித்தாய். ஃபேக்டரி எஞ்சின் லயத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஒரு வரி பாடி நிறுத்துவாய். அந்த அடி மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

அதே தராசுப் பாட்டுதான். ஒரு சொல் மாறவில்லை. பூண்டு உரித்த கைகள் நின்றுவிட்டன.

"என்னடே இது காட்டுக் கத்தல்? பழையபடி வாசி" என்றான் கணக்கப்பிள்ளை.

நீ அடியை நிறுத்தவில்லை. அன்றைக்குத்தான் உன் முடியை மன்னித்தேன்.

அந்த மழைக்காலத்திலேயே போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து நீ போய்விட்டாய். துக்கம் கேட்க வந்த கணக்கப்பிள்ளை உன் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த கிதாரைப் பார்த்தான். அதோடு உன் சத்தமும் அவன் வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது, முட்டாள்.

இன்று பள்ளி விட்டதும் அம்மாவுக்குச் சாயா கொண்டுபோனேன். கணக்கப்பிள்ளை எடை போட்டுக்கொண்டிருந்தான். மாரியக்காவின் கொழுந்தை வழக்கம்போல் குறைத்துச் சொன்னான். அவள் காலிக் கூடையைக் கவிழ்த்து, உள்ளங்கை ஓரத்தால் டுக்கு டுக்கு டுக்கு என்று தட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு அம்மா. பிறகு வரிசை முழுக்க.

அவன் நிமிர்ந்து கிதாரைத் தேடினான். அது நம் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

தூக்குச்சட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு நானும் தட்டினேன். மூடி நழுவிச் சூடான சாயா கையில் கொட்டியது. நிறுத்தவில்லை.

இப்போதும் எரிகிறது அண்ணே.