விரதம் இருந்த மீன்

ஜூன் 9, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பெரிய மீன் தொட்டி வாங்கிவிட்டார். பழையது எனக்கு. இரண்டடி நீளம். அரக்கோணத்திலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன், கால் இன்னும் மரத்துக் கிடக்கிறது.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இந்த வீட்டில் மிக்ஸி, பீரோ, ஜன்னல் துணி, ஏன், என் முகூர்த்தப் புடவைகூட நான் பார்த்து எடுத்ததில்லை. தொட்டியில் என்ன மீன் என்று மட்டும் நான்தான் சொல்வேன். எழுதியே வைக்கிறேன், நாளைக்கு நானே குழையக் கூடாது.

ஜூன் 10

குழையவில்லை. ஆனால் அதற்குள் ஆளுக்கொரு மீன் சொல்லியாயிற்று. அவருக்குப் பெரிதாக, சிவப்பாக ஒன்று வேண்டும். பள்ளிப்பட்டிலிருந்து நாத்தனார் வீட்டுக்காரர் திலீப் அண்ணன் போன் போட்டு, ஆஸ்கர் வாங்கும்மா, ஆளைக் கண்டால் கிட்டே ஓடி வரும் என்றார். அது ஒரு அடி வளருமே, இரண்டடித் தொட்டியில் எப்படித் திரும்பும் என்று கேட்டேன். வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். மச்சானை இவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்; பாவா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறார். பாவா சொல்லி வாங்கிய இன்வெர்ட்டர் எப்படி ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை.

அத்தைக்கு மீனே வேண்டாம்.

ஜூன் 16, ஞாயிறு

கடைக்காரர் கண்ணையன் முதலில் காட்டியது நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன். வீட்டுக்கு யோகம் என்றார். யோகம் வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும் என்றேன். கையை விரித்துக் காட்டிவிட்டு, பாதியில் சுருக்கிக்கொண்டார்.

அடுத்து ராம் சிச்லிட். நீலப் பொட்டுப் பொட்டாக அத்தனை அழகு. மனசு தாவிவிட்டது. ஆனால் அதற்கு மெத்தென்ற தண்ணீர் வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அந்த மீன் எப்படிப் பிழைக்கும்? விட்டுவிட்டேன். 

கடைசியில் மூலைத் தொட்டியில் பார்த்தேன் — சுண்டு விரல் நீளம்தான், அதற்கு மேல் அதிகம் வளராதாம். எகிப்துப் பக்கத்து சிச்லிட் ஜாதி. எங்கள் தண்ணீரைத் தாங்கும். ஆண் ஒன்று, பெண் இரண்டு. யாருக்கும் போன் போட்டுக் கேட்கவில்லை!

ஜூன் 17

"இதுக்கா இம்மா நேரம்?" — அவர்.

ஜூலை 7, ஞாயிறு

மீனுக்குப் போடும் காய்ந்த புழு டப்பாவை அத்தை பார்த்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற சொந்தமெல்லாம் கோயில் மலையிறங்கி வந்து சாப்பிடுகிற வீடு. கூடத்தில் புழு டப்பாவா? ஒரே பேச்சில் முடிவாகிவிட்டது. இருபத்து நாலாம் தேதி திலீப் அண்ணன் வந்து தொட்டியை எடுத்துப் போய் ஆஸ்கர் வளர்ப்பார். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்கள்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்று சின்ன மீனுக்காகவா அழுகிறாய் கல்பனா? ஆமாம், மீனுக்காகத்தான். வேறு எதற்கு என்று எழுதினால் இன்னும் அழுகை வரும்.

ஜூலை 19, வெள்ளி

பெரிய பெண் மீன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தாடை உப்பியிருக்கிறது. சீக்கு என்று பயந்து, ரயிலில் வரும்போது போனில் தேடிப் படித்தேன். சீக்கில்லை! இந்த ஜாதியில் அம்மா முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் எதுவும் தின்னாது. அதுவரை தொந்தரவு செய்தால் பயத்தில் துப்பிவிடும், இல்லை விழுங்கிவிடும்.

இருபத்து நாலுக்கு ஐந்து நாள். என்ன செய்வேன்?

ஜூலை 21, ஞாயிறு

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. இது ஏன் எதையும் தின்பதில்லை என்று அவராகத்தான் கேட்டார். "ஆடி பொறந்ததுல இருந்தே இப்படித்தாங்க" என்றேன், அவ்வளவுதான். ஆடி புதன்கிழமை பிறந்தது, மீனும் புதன்கிழமையிலிருந்துதான் தின்னவில்லை. இதில் பொய் எங்கே?

அவர் மீனைப் பார்த்தார். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டார். அத்தை கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 

"கிருத்திக விரதம் இருக்குதுடா" என்றார்.

ஜூலை 23

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் நான்கு பேர், சாயங்காலம் ஏழு பேர். யாரோ கண்ணாடியில் மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். ஆண் மீன் மூக்கு முட்டத் தின்றுகொண்டு குறுக்கே போகிறது, அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

ஜூலை 24, புதன்

திலீப் அண்ணன் பெரிய பிளாஸ்டிக் டப்போடு வந்தார். குங்குமத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். காபி குடித்தார். விரதம் இருக்கும் ஜீவனை எப்படித் தூக்குவது, கிருத்திகை கழியட்டும் என்று காலி டப்போடு போய்விட்டார்.

சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலிக்கிறது. ஆனால் கிருத்திகை கழிந்தால்?

ஜூலை 29, திங்கள். ஆடிக் கிருத்திகை



கூடம் நிறைய ஆட்கள். கே.ஜி. கண்டிகையிலிருந்து வந்த ஷோபனா அண்ணி தொட்டி எதிரே கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அப்போதா அம்மா மீன் வாயைத் திறக்க வேண்டும்? கடுகு மாதிரி இருபது முப்பது குஞ்சுகள் வெளியே வந்தன. அண்ணி பதறிக் கண்ணாடியைத் தட்டினார். குஞ்சுகள் அத்தனையும் திரும்பி ஓட, அம்மா மீன் வாயைத் திறந்து மொத்தத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

அண்ணி அலறிவிட்டார். கிருத்திகை அன்றைக்கு, விரத மீன், மீனைத் தின்றுவிட்டது.

அவர் முகம் செத்துவிட்டது.  அத்தைதான் எழுந்து தொட்டிப் பக்கம் வந்து நின்றார்.

"துன்னல. அது பெத்த புள்ளைங்க. பன்னெண்டு நாளா வாயில வெச்சிகினு, ஒரு வாய் துன்னாம கெடந்துச்சி."

"அப்ப விரதம் இல்லியாம்மா?" என்றார் அவர்.

"இத விட இன்னாடா விரதம்?"

 பிறகு ஷோபனா அண்ணி மறுபடி கைகூப்பினார். பந்தி நடந்தது.

பாத்திரம் கழுவும்போது, எப்போது தெரியும் அத்தை என்று மெதுவாகக் கேட்டேன். "மூணு பெத்தவடி நான். பாத்த அன்னிக்கே தெரியும்" என்றார். அப்புறம் ஏன் விரதம் என்று சொன்னீர்கள்? கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ பாத்ரூம்ல கொழாயத் தெறந்து வுட்டா மட்டும் கேக்காதா?"

ஆகஸ்ட் 4, ஞாயிறு

திலீப் அண்ணன் இன்றைக்கும் வந்தார். அத்தை அவரிடம் எட்டுக் குஞ்சுகளை டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்து அனுப்பினார். தொட்டிப் பேச்சு வரவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். வியாழக்கிழமை அவர் நிற அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, எது வேண்டும் என்று என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாளாக அவர் காத்திருக்கிறார்.

முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். அத்தைக்கு மட்டும் தெரியும்.